குதிரையைத் தொட்டதே இல்லை, குதிரைச் சவாரி மையத்தில் தொண்டுக்குப் போகலாமா?

மழைக்காகிதம் | மார்ச் 4, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக இங்கிலாந்து வந்து பதினோரு மாதம் ஆகிறது. பையன் பள்ளிக்கூடம் போன பிறகு மூன்று மணி வரைக்கும் வீட்டில் நானும் ஹீட்டர் சத்தமும்தான். போன வாரம் ஊர் நூலகத்தில் ஒரு அறிவிப்பு பார்த்தேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி கற்றுத்தரும் ஆர்.டி.ஏ. மையமாம். புதன்கிழமை காலைகளில் உதவத் தன்னார்வலர்கள் வேண்டும், முன்னனுபவம் தேவையில்லை என்று போட்டிருக்கிறது.

எனக்கும் குதிரைக்கும் உள்ள உறவு, மெரினாவில் மணலில் நடந்து போனதைத் தள்ளி நின்று பார்த்ததும், எங்கள் ஊர் எல்லையில் ஐயனாருக்கு முன்னால் நிற்கும் மண் குதிரையும்தான். தெருவில் நாய் வந்தாலே எதிர்ப்பக்கம் போகிற ஆள் நான். உயரம் ஐந்தடி. இந்த லட்சணத்தில் போய் நின்றால் சிரிப்பார்களா? அங்கே என்ன வேலை தருவார்கள்? யாராவது செய்திருக்கிறீர்களா?

சந்தேகசாமி | மார்ச் 4, காலை 10:40

லத்தி அள்ள ஆள் தேடுகிறார்கள், சம்பளம் இல்லாமல். அவ்வளவுதான் விஷயம்.

அந்தியூர்க்காரன் | மார்ச் 4, பகல் 12:05

ஆடி மாதம் எங்கள் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வந்து ஒரு சுற்று சுற்றினால் பயம் தெளிந்துவிடும் சகோதரி. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொல்வார்களே, அவ்வளவு தெளிவான பிராணி. பின்பக்கமாக மட்டும் போகாதீர்கள்.

வடமராட்சியான் | மார்ச் 4, இரவு 9:33

தங்கச்சி, நான் ரொறன்ரோவில் ஆறு வருசமாக இந்த வேலைக்குப் போகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மகள் கொண்டுபோய் விட்டவள். அதற்கு முதல் நானும் குதிரையைத் தொட்டதில்லை. எங்கட ஊரில் மாட்டு வண்டில்தான். சந்தேகசாமி சொன்னது அரைவாசி உண்மை, லத்தி அள்ளத்தான் வேணும். மற்ற அரைவாசியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு பிள்ளை குதிரையில் ஏறினால் சில வேளை மூன்று பேர் தேவை. ஒருவர் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்து நடத்துவார். மற்ற இருவர் இரண்டு பக்கமும் பிள்ளையின் காலோடு ஒட்டி நடப்பார்கள். நடுவில் நின்று பாடம் நடத்துகிறவர் பயிற்சி பெற்ற ஆசிரியர். இதில் முதலில் மண்டையில் ஏற்ற வேண்டியது: கயிறு பிடிக்கிறவருக்குக் குதிரை மட்டும்தான் பொறுப்பு, பக்கத்தில் நடப்பவருக்குப் பிள்ளை மட்டும்தான். குதிரை மிரண்டால் நீங்கள் குதிரையைப் பார்க்கக் கூடாது, கை பிள்ளையில்தான் இருக்க வேணும். இது சொல்லச் சுகம். ஆபத்து வந்தால் எல்லாருக்கும் கண் குதிரையில்தான் போகும். அதுக்காகவே எங்களுக்குத் திரும்பத் திரும்ப ஒத்திகை வைப்பார்கள்.

புதிதாய் வருபவர்களைப் பெரும்பாலும் பக்கத்தில் நடக்கத்தான் விடுவார்கள். பிடிக்கிறதிலும் வகை இருக்கு. சமநிலை குறைந்த பிள்ளையென்றால் உங்கள் முன்னங்கை பிள்ளையின் தொடைக்கு மேலால் போய்ச் சேணத்தின் முன்விளிம்பைப் பிடிக்கும். முழங்கையால் தொடையை அமத்தக் கூடாது, குதிரையிலும் சாயக் கூடாது. கொஞ்சம் தேறிய பிள்ளைக்குக் கணுக்காலை மட்டும் மெல்லப் பிடித்தால் போதும். இன்னும் தேறினால் பிடியே இல்லை, பக்கத்தில் நடந்தால் சரி. கை உளைந்தால் சொல்ல வேணும். குதிரையை நிப்பாட்டி, ஒருவர் மாறி ஒருவராகப் பக்கம் மாற்றுவார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுக்கிறது கிடையாது.

இனி நான் வாங்கிக் கட்டின கதை. முதல் மாதம் ஒரு ஆறு வயதுப் பெடியன். குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் நான் "வெரி குட், சூப்பர், அங்க பார், கையைத் தூக்கு" என்று கதைத்துக்கொண்டே வந்தேன். பாடம் முடிய ஆசிரியை என்னைத் தனியக் கூப்பிட்டு, "அவனுக்கு ஒரு குரலைக் கேட்டு விளங்கவே பத்து விநாடி வேணும். நான் ஒரு குரல், நீங்கள் ஒரு குரல், மற்றப் பக்கம் நிற்பவர் ஒரு குரல். அவன் யாரைக் கேட்பான்?" என்றா. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. அடுத்த கிழமை வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன். நாற்பது வருசம் கடை நடத்தினவனுக்கு அரை மணித்தியாலம் கதைக்காமல் இருக்கிறது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமோ! ஆனால் இந்த வேலையில் பாதி அதுதான். பிள்ளை தானே செய்யக்கூடியதை நீங்கள் செய்து குடுக்காமல் இருக்கிறது.

உயரம் பற்றிக் கவலை வேண்டாம். உயரக் குதிரைக்குப் பக்கத்தில் தொடைக்கு மேலால் கை போட்டு நடந்தால் உங்களுக்குத் தோள்மூட்டு கழன்றுவிடும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் போனி என்கிற குள்ளக் குதிரைதானே, அதுக்கு ஐந்தடி ஆள்தான் வசதி. நான் ஆறடி, நாள் முழுக்கக் கூனி நடக்கிறேன்.

சப்பாத்து தடிப்பானதாய் வாங்குங்கோ. கால் மேலே ஏறி நின்றால் அது தெரிந்து செய்கிறதில்லை, இறங்கவும் அவசரப்படாது.

இரட்டைவால்_அம்மா | மார்ச் 5, காலை 7:50

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். இரண்டு வருடமாகக் குதிரைக்குப் போகிறான். அதற்கு முன் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தோம். காரணம் குதிரை இல்லாமல் அல்ல, ஆள் இல்லாமல். வடமராட்சியான் ஐயா சொன்ன கணக்கைப் பாருங்கள்: நான்கு பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பேர் வரை வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர் வரவில்லை என்றால் ஒரு பிள்ளைக்குச் சவாரி இல்லை. "இன்றைக்கு உனக்கு இல்லை கண்ணா" என்று காரில் திருப்பிக் கூட்டிப்போன புதன்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அட்டவணை மாறினால் அவனுக்கு உலகமே இடம் மாறிய மாதிரி, அன்று இரவு வரை அழுகைதான். அதனால் மழைக்காகிதம், போனால் ஒழுங்காகப் போங்கள். மூன்று வாரம் போய்ப் படம் எடுத்துப் போட்டுவிட்டு நிற்பதாக இருந்தால் வேண்டாம். படமும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இன்னொன்று. போன வருடம் அங்கே உதவ வந்த ஒரு தமிழ்ப் பெண், இறங்குமிடத்தில் என் பையனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் "பாவம், பார்க்க எவ்வளவு லட்சணமா இருக்கான், என்ன கர்மமோ" என்றார். எனக்குத் தமிழ் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து "கர்மம், கர்மம்" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மழைக்காகிதம் | மார்ச் 5, காலை 9:15

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. "பாவம்" என் வாயிலும் சட்டென்று வரும் சொல்தான், உண்மையைச் சொல்கிறேன். நாக்கைக் கட்டிக்கொண்டு போகிறேன். விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

சந்தேகசாமி | மார்ச் 5, காலை 11:20

எல்லாம் சரி, இது சிகிச்சையா கேளிக்கையா? பிள்ளை சந்தோஷமாக இருக்கிறது என்பதற்காக மருத்துவம் என்று பெயர் வைக்கலாமா? அப்படியானால் ராட்டினமும் சிகிச்சைதான்.

பிசியோ_கோவை | மார்ச் 5, இரவு 10:48

சந்தேகசாமி கேட்டதில் நியாயம் இருக்கிறது, முதலில் பெயர்க் குழப்பத்தை எடுத்துவிடுவோம். இரண்டு வேறு விஷயங்கள் ஒரே லாயத்தில் நடக்கின்றன. ஹிப்போதெரபி என்பது பிசியோதெரபிஸ்ட் போன்ற ஒரு சிகிச்சையாளர் குதிரையின் அசைவைக் கருவியாக வைத்துச் செய்வது. அங்கே பிள்ளை குதிரை ஓட்டக் கற்பதில்லை, பந்து மேல் உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பதைப் போல்தான். மழைக்காகிதம் போகப்போவது பெரும்பாலும் இரண்டாவது வகை: மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி சவாரி கற்றுத்தருவது. அதை நடத்துபவர் சவாரி ஆசிரியர். அதை மருத்துவம் என்று அழைத்தால் எனக்கும் உறுத்தும்.

ஆனால் ராட்டினம் இல்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைந்து கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பு கிட்டத்தட்ட நாம் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைகிறது. சொந்தக் காலில் நடக்காத பிள்ளைக்கு அந்த அசைவை வேறு எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு அடிக்கும் உடல் சாயும், வயிறும் முதுகும் அதை நேராக்கும். அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை. என் அறையில் பாயில் படுக்க வைத்து அதே தசைகளை வேலை செய்யச் சொன்னால், பத்தாவது முறையே பிள்ளை அழுதுவிடும்.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளில் சிலருக்குத் தொடைகள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி இறுகிக் கிடக்கும். குதிரை மேல் கால்களை அகட்டி உட்கார வேண்டும். கீழே உள்ள முதுகும் சூடானது. குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 டிகிரி, நம்முடையதைவிட ஒரு டிகிரி கூடுதல். சேணம் போடாமல் மெல்லிய மெத்தை விரிப்பில் உட்கார வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாருக்கும் பொருந்தாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும், அதைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது. இடுப்பு மூட்டு விலகியவர்கள், கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்கள் விஷயத்திலும் மிகுந்த கவனம் வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் கேட்பது இதற்காகத்தான். படிவம் கேட்காமல் ஏற்றும் இடம் என்றால் நான் என் நோயாளியை அனுப்ப மாட்டேன்.

ஆதாரம் கேட்பீர்கள். பல ஆய்வுகள் சிறியவை, பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்துச் செய்தவை. ஓரளவு ஒழுங்கான ஒன்று 2015-ல் வந்தது, கொலராடோவில் நடந்தது. ஆட்டிசம் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 10 வாரம் சவாரி. மற்றதற்கு அதே மாதிரிச் சூழலில் குதிரை பற்றிய பாடம் மட்டும், நிஜக் குதிரை கிடையாது, பஞ்சடைத்த பொம்மைக் குதிரை. சவாரி செய்த குழுவில் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்தன, பேசிய சொற்கள் கூடின. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

பழையபேப்பர் | மார்ச் 6, காலை 6:30

இழை திசை மாறாமல் ஒரு சின்ன வரலாறு. இது எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவர் என்று பலரும் சொல்வது டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944-ல் கருவுற்றிருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்துபோனது. குதிரையை விடவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் டிரஸாஜ், அதாவது குதிரையை விதவிதமான நடைகளில் அழகாக நடத்திக் காட்டும் போட்டி, பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் ராணுவ அதிகாரிகளின் தனிச்சொத்து அது. ஜூபிலி என்ற குதிரையில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும், அந்த நிலையில். 1956-ல் மறுபடியும் வெள்ளி. அந்த வருட ஒலிம்பிக் மெல்போர்னில் என்றாலும், ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தனிமைப்படுத்தல் சட்டத்தால் குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன.

நீங்கள் போகும் ஆர்.டி.ஏ. அமைப்பு பிரிட்டனில் 1969-ல் உருவானது. இளவரசி ஆன் பல பத்தாண்டுகளாக அதன் தலைவர். பாராலிம்பிக்கில் குதிரையேற்றம் 1996 அட்லாண்டாவில் சேர்ந்தது. பிரிட்டனின் லீ பியர்சன் ஒருவரே 14 தங்கம் வைத்திருக்கிறார்.

தோபாயோ_தம்பி | மார்ச் 6, மதியம் 1:10

சிங்கப்பூரிலும் 1982 முதல் இருக்கிறது. தேசிய சேவை முடித்த பிறகு கொஞ்ச நாள் போனேன். இங்கே பிரச்சினை வெயிலும் புழுக்கமும்தான். பத்து நிமிடத்தில் சட்டை பிழியலாம், குதிரைக்கும் அப்படித்தான். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், அக்கா இங்கிலாந்து என்பதால் குடை என்று மாற்றிக்கொள்கிறேன்.

வடமராட்சியான் | மார்ச் 6, இரவு 8:02

குடை விரித்துக்கொண்டு குதிரைக்குக் கிட்டப் போகாதே தங்கச்சி! சடாரென்று விரிந்தால் குதிரை மிரளும். மழைக்கோட்டு போடும்.

தோபாயோ_தம்பி | மார்ச் 6, இரவு 8:15

மன்னிக்கவும். மறந்துவிட்டேன்.

மழைக்காகிதம் | ஏப்ரல் 30, இரவு 9:40

இத்தனை நாள் வராததற்குக் காரணம், டி.பி.எஸ். என்னும் குற்றப் பின்னணிச் சோதனை முடியக் காத்திருந்தேன். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் அது கட்டாயமாம். இன்றுதான் முதல் நாள்.

முதல் ஒரு மணி நேரம் லத்திதான், சந்தேகசாமிக்கு வெற்றி. கவட்டைக் கரண்டி மாதிரி ஒன்றால் வைக்கோலைச் சலித்து, லத்தியை மட்டும் தள்ளுவண்டியில் போட வேண்டும். நினைத்த அளவு நாற்றம் இல்லை. புல் அழுகின வாசம்.

அப்புறம் பத்தொன்பது வயதுக் கிழட்டுப் போனி ஒன்றைத் தேய்த்துவிடச் சொன்னார்கள். பெயர் பிஸ்கட். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாதாம், அதனால் தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே வர வேண்டும். என்ன பேசுவது? "நல்லா இருக்கியா தங்கம்" என்று தமிழில் ஆரம்பித்தேன். ஒரு காதை என் பக்கம் திருப்பியது. ரப்பர் பல் சீப்பால் வட்டமாகத் தேய்த்தால் குளிர்கால முடி கொத்துக் கொத்தாக வந்துகொண்டே இருக்கிறது, எனக்குப் பின்னல் பின்னிவிட்ட எங்கள் ஆச்சி நினைவுக்கு வந்துவிட்டார். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றதற்கு ஒரு திட்டு. இழுத்தால் விரல் போய்விடுமாம், மடித்துத்தான் பிடிக்க வேண்டும்.

அங்கவடி ஒன்று பார்த்தேன், சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கிற வளையம். வெளிப்பக்கம் கம்பிக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம் இருந்தது. பிள்ளை விழுந்தால் ரப்பர் கழன்று கால் வெளியே வந்துவிடும். யார் யோசித்தார்களோ, நல்ல மூளை.

பிள்ளைகள் பக்கத்தில் இன்றைக்கு விடவில்லை. என் காலை மட்டும் பிஸ்கட் ஒரு முறை மிதித்தது. ஐயா சொன்ன மாதிரி, இறங்க அவசரப்படவில்லை.

சந்தேகசாமி | மே 1, காலை 8:25

சரி, பிள்ளைகளுக்கு நன்மை என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது வயதுக் குதிரைக்கு இதில் என்ன நன்மை? அதைக் கேட்டீர்களா?

வடமராட்சியான் | மே 1, இரவு 10:20

இது நல்ல கேள்வி, சந்தேகசாமி. நீங்கள் கேட்டதிலேயே இதுதான் நல்ல கேள்வி.

சமநிலை இல்லாத பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தால் குதிரைக்கு முதுகு நோகும். இரண்டு பக்கமும் ஆள் ஒட்டிக்கொண்டு நடப்பது குதிரைக்கு இயல்பில்லாத சங்கடம். திடீர்ச் சத்தம் போடும் பிள்ளை, பிடரி மயிரை இழுக்கிற பிள்ளை, எல்லாத்தையும் தாங்க வேணும். அதனால்தான் நல்ல மையங்களில் ஒரு நாளைக்கு இத்தனை பாடம்தான், சவாரி செய்பவருக்கு இத்தனை எடைதான் என்று வரம்பு வைத்திருப்பார்கள். வேலை இல்லாத நாட்களில் மற்றக் குதிரைகளோடு புல்வெளியில் அவிழ்த்து விட வேணும். தேறின ஓட்டுநர் ஒருவர் ஏறி அதன் உடம்பை நிமிர்த்தி ஓட்டவும் வேணும்.

எங்கள் இடத்தில் ஒரு மண்ணிறக் குதிரை இருந்தது. பெரிய சாது. ஒரு கட்டத்தில் ஏற்றுமேடைக்கு வந்தவுடன் காதைப் பின்னால் மடிக்கத் தொடங்கிற்று. பிறகு வயிற்றுவார் இறுக்கும்போது வாலை அடிக்கும். கடைசியில் ஒரு நாள் என் சட்டைக்கையைக் கவ்விப்போட்டுது. "கெட்ட பழக்கம், அதட்டுங்கோ" என்று கனபேர் சொன்னார்கள். ஆசிரியை மட்டும் "அது ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கு, நாங்கள் கேட்கவில்லை" என்று சொல்லி அன்றைக்கே அதை வேலையிலிருந்து எடுத்தா. மேடையில் குதிரை ஒரு அடி நகர்ந்தால்கூடச் சக்கர நாற்காலிக்கும் சேணத்துக்கும் நடுவில் பிள்ளை தொங்கும், எல்லாத்திலும் ஆபத்தான இடம் அதுதான். மிருக வைத்தியர் பார்த்ததில் முதுகில் நோ இருந்தது.

அதுக்கு என்ன நன்மை என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. தீனியும் கூரையும் நல்ல கவனிப்பும் கிடைக்கிறது. அது கேட்டு வந்ததில்லை என்பதும் உண்மை.

இரட்டைவால்_அம்மா | மே 2, காலை 7:30

என் பையன் இறங்கியதும் குதிரையின் கழுத்தைத் தட்டி "தேங்க்யூ" சொல்ல வேண்டும், அது விதி. வீட்டில் யாருக்கும் சொல்லாதவன் அங்கே சொல்கிறான். குதிரைக்கு அது போதுமா என்று எனக்கும் தெரியாது.

மழைக்காகிதம் | ஜூலை 9, இரவு 9:05

பதினோராவது வாரம். இங்கே பெரும்பாலும் பள்ளித் தவணையை ஒட்டித்தான் நடக்கிறது, ஆகஸ்டில் விடுமுறை. அதற்குள் எழுதிவிடலாம் என்று வந்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரே சிறுமிக்குப் பக்கத்தில் நடக்கிறேன். ஏழு வயது இருக்கும், வேறு விவரம் சொல்லக் கூடாது. என் கை அவள் தொடைக்கு மேலாகச் சேணத்தைப் பிடித்திருக்கும். குதிரையை நடக்கச் சொல்ல "வாக் ஆன்" என்று சொல்ல வேண்டும், அல்லது கழுத்தில் தட்ட வேண்டும். அவள் எதையாவது செய்யும்வரை பிஸ்கட், கயிறு பிடிப்பவர், ஆசிரியர், நான் எல்லாரும் அப்படியே நிற்போம். முதல் நாள் நான் மனசுக்குள் நாற்பது வரை எண்ணினேன். என் விரல் தானாகப் போய் அவள் கையைத் தட்டப் பார்த்தது. ஐயா எழுதியதை நினைத்துக்கொண்டு விரலை மடக்கினேன். நாற்பத்து மூன்றில் தட்டினாள். இப்போதெல்லாம் பத்துக்குள் தட்டிவிடுகிறாள், சில நாள் முப்பதும் ஆகும். பேச்சு வந்துவிட்டதா என்று ஊரில் அம்மா ஃபோனில் கேட்கிறார். இல்லை, வரவில்லை.

ஆனால் இன்றைக்கு ஆசிரியர் என்னைப் பார்த்து, "கையை எடுங்கள்" என்றார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பதறிப்போனேன். அப்படி இல்லை. அவள் முதுகு நேராகவே நிற்கிறதாம், இனிக் கணுக்காலில் லேசாக ஒரு விரல் போதுமாம். எடுத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அந்தக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, சுற்று முடியும் வரை காற்றில் வைத்துக்கொண்டே நடந்தேன். மறுபக்கம் நடந்த பாட்டி பார்த்துச் சிரித்துவிட்டார்.

சந்தேகசாமி, உங்கள் கேள்வியை ஆசிரியரிடம் கேட்டேன். பிஸ்கட்டை அடுத்த தவணையிலிருந்து வாரம் இரண்டு பாடமாகக் குறைக்கிறார்களாம். முதலிலேயே யோசித்து வைத்திருந்ததாகச் சொன்னார்.

ஒரே ஒரு பிரச்சினை. என் கோட்டிலிருந்து குதிரை வாசம் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு முறை துவைத்தாகிவிட்டது. கணவர் காரில் ஏற்ற யோசிக்கிறார். வழி உண்டா?

அந்தியூர்க்காரன் | ஜூலை 9, இரவு 9:30

போகாது.

பிசியோ_கோவை | ஜூலை 9, இரவு 9:52

வினிகர் கொஞ்சம் கலந்து அலசிப் பாருங்கள். மெஷினில் போடும் முன் முடியை உதறுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

வடமராட்சியான் | ஜூலை 9, இரவு 11:14

பழைய கோட்டு ஒன்றை அதுக்கென்று ஒதுக்கிக் கார் டிக்கியிலேயே வைத்துவிடும் தங்கச்சி. நான் ஆறு வருசமாக அப்படித்தான். டிக்கியைத் திறந்தால் மனுசி மூக்கைப் பொத்துவா, பேரப்பிள்ளை மட்டும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பான்.